ஆனர்லி பார்க், 72-ஆம் எண் வீடு: தென் லண்டன் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களில் நானும் ஒருவன். பல வருடமாக நார்வுட் பக்கம் குடியிருக்கிறேன். என் மகள் அ, ஆ எழுதப் பழகியது உங்களில் ஒருவரிடம்தான். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் நீங்கள். அந்த மரியாதையோடும் உரிமையோடும் ஒன்று கேட்கிறேன்.

இந்தக் கோடையில் ஒரு மதியம் பிள்ளைகளை ஆனர்லிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஆனர்லி பார்க் என்ற தெருவில் 72-ஆம் எண் வீடு. வாஷிங்டன் ஹவுஸ் என்று பெயர். செங்கல் கட்டடம். 1897 முதல் ஏறக்குறைய எட்டு வருடம் அதில் குடியிருந்தவர் தாதாபாய் நௌரோஜி. 2022 ஆகஸ்ட் மாதம் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு, பேர் பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு வைக்கும் நீலப் பலகையை அந்தச் சுவரில் பதித்தது.

"தெரியுமே, இங்கிலாந்து பார்லிமெண்டுக்குப் போன முதல் இந்தியர்தானே" என்பீர்கள். நானும் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தேன். போன இலையுதிர் காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு விஷயம் வேறு மாதிரி பட்டது.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தோம். சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக, நீலத்தில் வெள்ளை எழுத்து. பெயர், 1825–1917 என்ற வருடங்கள், இந்திய தேசியவாதி, நாடாளுமன்ற உறுப்பினர், இங்கு வாழ்ந்தார். அவ்வளவுதான். மகள் அதை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் கேட்டாள்: "எம்.பி.யா இருக்கும்போது இங்கதான் இருந்தாராப்பா?"

இல்லை. இந்த வீட்டுக்கு வந்தபோது அவர் எம்.பி. இல்லை. இரண்டு வருடம் முன்பே தேர்தலில் தோற்றிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதும் அவள், "அப்புறம் இங்க என்ன பண்ணினார்?" என்றாள். நல்ல கேள்வி. இந்த மடலே அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். ஜெயித்த கதையை நாம் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறோம். தோற்றபின் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல நம்மிடம் ஒரு வீடே இருக்கிறது, வெஸ்ட் க்ராய்டனில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷனில்.

முதலில் ஜெயித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1855-இல் வியாபாரத்துக்காக பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர் நௌரோஜி. அதற்குமுன் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1886-இல் ஹோபர்ன் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி எடின்பரோவில் பேசும்போது, ஒரு கறுப்பரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இந்த நாட்டு வாக்காளர்கள் வந்துவிட்டார்களா என்பது சந்தேகம் என்றார். அந்தப் பேச்சு அவருக்கே வினையாகிவிட்டது. அதுவரை நௌரோஜி என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட யார் அவர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1892-இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 2,961 வாக்கு அவருக்கு, 2,956 எதிராளிக்கு. ஐந்தே வாக்கு. சபையில் பதவியேற்கும்போது தன் ஜொராஸ்ட்ரிய (பார்சி) மத வேதநூலின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுத்தார். 1895 தேர்தலில் தோற்றார்.

இதற்காக அவர் கொடுத்த விலையும் உண்டு. நண்பர்கள் சொன்னார்கள் என்று தன் பார்சித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொண்டார். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது பெயரைச் சுருக்கிச் சொல்லிப் பழகிய நம்மில் பலருக்கு இது புதிதாக இருக்காது.

சரி, தோற்ற பிறகு. 1897 எப்படிப்பட்ட வருடம் என்று யோசித்துப் பாருங்கள். லண்டன் தெருக்களில் விக்டோரியா ராணியின் வைர விழா. அதே சமயம் இந்தியாவில் பஞ்சம், பம்பாயில் பிளேக். அந்த வருடத்தில்தான் இவர் ஆனர்லிக்குக் குடிவருகிறார். இந்தியாவின் வரவு செலவை ஆராய அரசு அமைத்த வெல்பி கமிஷனில் அப்போது அவர் உறுப்பினர். உறுப்பினராக உட்கார்ந்து மற்றவர்களைக் கேள்வி கேட்டதோடு நிற்காமல், தானே சாட்சிக் கூண்டிலும் ஏறி வாக்குமூலம் கொடுத்தார். அந்தக் கமிஷன் முன் சாட்சி சொல்ல 1897-இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் ஒருவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர், திருவையாற்றுக்காரர், தி இந்துவையும் சுதேசமித்திரனையும் தொடங்கியவர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவர்தான். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம். பன்னிரண்டு வருடம் கழித்து லண்டனில் ஒரு கமிஷன் முன் அவர் உட்கார்ந்து பேசுகிறார், மேசையின் மறுபக்கத்தில் நௌரோஜி. தமிழ் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை.

1901-இல், இந்த வீட்டில் இருந்த காலத்தில்தான், அவருடைய பெரிய புத்தகம் வந்தது. இந்தியாவின் வறுமையையும் ஆங்கிலேயத் தன்மைக்கே ஒவ்வாத ஆட்சியையும் பற்றிய புத்தகம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் சேர்த்த கட்டுரைகள், உரைகள், கடிதங்கள். அவர் சொன்னது சிக்கலான தத்துவம் ஒன்றும் இல்லை. வரியாகவும் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் இந்தியாவிலிருந்து வருடாவருடம் பணம் வெளியே போகிறது, அது திரும்பி வருவதில்லை, அதனால் நாடு வற்றிப்போகிறது என்றார். செல்வச் சுரண்டல் கோட்பாடு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். படித்த நாளில் எனக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவே.

அதில் ஒரு கணக்கை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 1876-இல் பம்பாயில் அவர் வாசித்த கட்டுரையில் வருவது. அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு எத்தனை ரூபாய்க்கு விளைகிறது என்று பார்த்தார். சென்னை மாகாணத்துக்கு வந்த விடை 18 ரூபாய். அடுத்து சிறை நிர்வாக அறிக்கைகளை எடுத்தார். சென்னை மாகாணத்துச் சிறையில் ஒரு கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க அரசுக்கு ஆகும் செலவு வருடத்துக்கு 53 ரூபாய் சொச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குற்றம் செய்து உள்ளே இருப்பவனைப் பராமரிக்க ஆவதில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே உழைத்து வாழ்கிறவனுக்கு மிஞ்சுகிறது. பம்பாய்க்கு 22, 47. வங்காளத்துக்கு 15, 31. எல்லா மாகாணத்திலும் இதே கதை, ஆனால் நம் மாகாணத்து வித்தியாசம்தான் மிகப் பெரியது.

அந்தக் கட்டுரை வாசித்த வருடம் தொடங்கிய பஞ்சத்தில்தான் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துப்போனார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். மழை பொய்த்ததால் வந்தது என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்க்கும் முன்பே உழைக்கிறவன் கையில் என்ன இருந்தது என்று கேட்டவர் இவர்.

இந்தக் கணக்கில் ஆவேசச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆட்சியாளர்கள் அச்சடித்த எண்களை வைத்தே போட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கே புரியும். என் மகள் வீட்டுக்கு வந்து தன் நோட்டில் 18-க்குக் கீழே 53 என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க எண்ணையே அவங்ககிட்ட காட்டினாரா?" என்றாள். ஆமாம், திரும்பத் திரும்பக் காட்டினார். போர் அமைச்சகத்துக்கும் கடற்படை அமைச்சகத்துக்கும் விடாமல் கடிதம் எழுதினார், அதிகாரிப் பதவிகளை இந்தியர்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்று. மறுப்புப் பதில் வந்தால் அதற்கும் ஒரு பதில். அவருடைய தாள்கள் இன்று தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன.

எட்டு வருடம் ஆனர்லியில் அவர் செய்தது இதுதான். எழுதினார், கூட்டங்களில் பேசினார், வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தார். லண்டனில் இருந்த இந்தியர்கள் சந்தித்துக்கொள்ளும் இடமாக அந்த வீடு இருந்தது. பக்கத்து க்ராய்டனில் காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜி குடியிருந்தார், கல்கத்தாவில் தான் வளர்ந்த கிதிர்பூரின் பெயரையே வீட்டுக்கும் வைத்துக்கொண்டு. ஊர்ப் பெயரை வீட்டு வாசலில் எழுதி வைக்கிற வழக்கம் க்ராய்டனில் நம்மோடு தொடங்கியதல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 1904-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டுக்குப் போய் நௌரோஜி இந்தியாவுக்காகப் பேசினார். வயது எழுபத்தெட்டு. 1906-இல் வடக்கு லாம்பெத்தில் மறுபடியும் தேர்தலில் நின்றார், மறுபடியும் தோற்றார். அந்த டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கப் போய், சுயராஜ்யம் என்ற சொல்லை அந்த மேடையில் வைத்தார். குரல் போதாததால் உரையை கோகலே வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் சென்னையிலிருந்து போன இருபத்து நான்கு வயது சுப்பிரமணிய பாரதியும் இருந்தார். நௌரோஜியைப் பற்றிப் பாட்டே எழுதியவர் அவர்.

ஆசிரியர்களாகிய உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1850-களில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நௌரோஜி குஜராத்திப் பேராசிரியராக இருந்தார். இந்த ஊரில் தன் தாய்மொழியைக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதற்கும் முன்னால், 1849-இல், பம்பாயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க நண்பர்களோடு வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். சம்பளம் இல்லாமல் காலை வேளையில் அவர்களே பாடம் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் வேலை என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இனி அந்தப் பலகையைப் பற்றி. லண்டனில் இந்த வழக்கம் 1866-இல் தொடங்கியது. அடுத்த வருடம் பதித்த முதல் பலகை கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு. அந்த வீட்டையே 1889-இல் இடித்துவிட்டார்கள். நீலப் பலகை ஒரு மரியாதை, அவ்வளவுதான். அதனால் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது. சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அரசின் பட்டியலில் கட்டடம் ஏற வேண்டும். உள்ளூர் கவுன்சில் வைத்திருக்கும் பட்டியலில் ஏறினால் ஓரளவுதான் பாதுகாப்பு. ஆனர்லி பார்க் ப்ராம்லி கவுன்சிலின் கீழ் வருகிறது. 72-ஆம் எண் வீட்டைப் பாதுகாக்கக் கவுன்சில் என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யப் போகிறது என்று நம் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கடிதமாகக் கேட்போம். தனி ஆள் எழுதினால் "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று ஒரு பதிலோடு முடிந்துவிடும். எனக்கு வேறொரு விஷயத்தில் அந்த அனுபவம் உண்டு. ஐந்தாறு பள்ளிகள், இருநூறு பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டால் அப்படி முடியாது. ப்ராம்லியிலும் க்ராய்டனிலும் வாக்காளர்களாக இருக்கும் குடும்பங்கள் நாம். ஐந்து வாக்கில் ஒரு எம்.பி. வந்த கதையைச் சொல்லும் மடலில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கலாம். ஆனர்லி ஸ்டேஷனிலோ, ஆனர்லி ரோடு முனையிலோ ஒரு விளக்கப் பலகை. நீலப் பலகையில் பத்துப் பதினைந்து சொல்லுக்கு மேல் இடம் இருக்காது, அவர் எம்.பி. ஆனதைச் சொல்லியிருக்கிறார்கள், அந்த வீட்டில் அவர் எழுதியதைச் சொல்ல இடமில்லை. அந்த 18-ஐயும் 53-ஐயும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும், ரயிலுக்கு நிற்கிறவர்கள் படிப்பார்கள்.

சில பெற்றோர் கேட்கக்கூடும், அவர் பார்சி, நாம் தமிழர், அதுவும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பாதிக்கு மேல், நமக்கு என்ன உறவு என்று. இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரலாறு தங்கள் ஊர் வரலாறுதான். ஆனால் 2024-இல் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் பௌ தொகுதியில் ஜெயித்து, இந்த நாட்டின் முதல் தமிழ் எம்.பி. ஆனபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் எப்படிக் கொண்டாடின என்று நினைத்துப் பாருங்கள். அந்த வாசல் முதலில் எப்போது, யாருக்காக, எவ்வளவு சிறிதாகத் திறந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? இதே ஊரில், இதே மழையில், நாம் தினமும் பிடிக்கிற அதே தடத்து ரயிலைப் பிடித்தவர் அவர். ஆனர்லி ஸ்டேஷன் 1839-இலேயே வந்துவிட்டது.

சரி, போகிற வழி. வெஸ்ட் க்ராய்டனிலிருந்தோ நார்வுட் ஜங்ஷனிலிருந்தோ ஓவர்கிரவுண்ட் வண்டி. ஆனர்லியில் இறங்கினால் சின்னப் பிள்ளைகளுக்கும் நடக்கிற தூரம்தான். வீட்டில் இன்று ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் மணி அடிக்கக் கூடாது, வாசலை மறிக்கக் கூடாது, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் நின்றாலே பலகை நன்றாகத் தெரியும். ஒரு நேரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், நடைபாதை குறுகல். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு மாதிரி உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். கால்மணி நேரம் போதும். அதன்பின் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. 1854-இல் செய்த டைனோசர் சிலைகள் அங்கே குளக்கரையில் நிற்கின்றன. நௌரோஜி குடிவரும்போதே அவற்றுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். வீட்டைப் படம் வரையச் சொல்லுங்கள். கீழே அந்த இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள், தமிழில் இரண்டு வரி விளக்கத்தோடு. ஆண்டு விழாவில் மண்டபச் சுவரில் ஒட்டலாம். கவுன்சிலுக்குப் போகும் கடிதத்தோடும் நாலைந்து படங்களை இணைக்கலாம்.

கடிதத்தின் ஆங்கில வரைவை நான் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான். எந்தப் பள்ளி கேட்டாலும் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள். கூட்டிப் போக ஆள் குறைவென்றால் நானும் வருகிறேன், என் மகளும் வருவாள். வழி அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மணிக்கு ஆனர்லி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறோம்.

அன்புடன்,
நார்வுட்டில் குடியிருக்கும் ஒரு தகப்பன்